முள்வேலி எதற்கு, பாஸ்போர்ட் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் சர்வாதிகாரம் வந்து மக்கள் தப்பியோடுவதாகக் கற்பனை செய்யும் உங்கள் தொடர்கதையில் எல்லையெங்கும் முள்வேலியும் துப்பாக்கியும் வருகின்றன. அவ்வளவு செலவு தேவையில்லை. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் குடிமக்கள் வெளியேறுவதே அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 215ஆம் பிரிவுப்படி சட்டவிரோதம். யாருக்கு விலக்கு என்று விதி வகுப்பவர் அதிபர்.

இது நடந்ததுதான். 1950இல், அரசை விமர்சித்த கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை ரத்து செய்தார்கள். கனடா போக அன்று அமெரிக்கர்களுக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம். இருந்தும் 1952இல் அவரை எல்லையில் மறித்தார்கள். அந்த மே மாதம் எல்லையோரப் பீஸ் ஆர்ச் பூங்காவில் லாரி மேல் நின்று, அந்தப் பக்கம் திரண்ட கனடியர்களுக்காகப் பாடினார். 1957இல் லண்டன் ரசிகர்கள் அவர் குரலைத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் கேட்டார்கள். அவரைப் போலவே பாஸ்போர்ட் மறுக்கப்பட்ட ஓவியர் ராக்வெல் கென்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் 5-4 என்று தீர்ப்பளித்த பிறகே ராப்சனுக்குப் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் அதுவும் இல்லை. தேசப் பாதுகாப்பைக் காட்டி ரத்து செய்யலாம் என்று 1981இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முன்பே வெளிநாடு போய்விட்டவருக்கும் நிம்மதியில்லை. பாஸ்போர்ட்டின் ஆயுள் 10 ஆண்டு. புதுப்பிக்கப் போனால், நேரே அமெரிக்கா திரும்ப மட்டும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைத் தூதரகம் நீட்டலாம். குடியுரிமையைத் துறக்கவும் அதே தூதரகத்தில் நேரில் நின்று கையெழுத்திட வேண்டும். வேறு குடியுரிமை இல்லையென்றால் நாடற்றவராகி நிற்பார்.

கதாநாயகனைக் கனடா கேள்வியின்றி ஏற்பதும் பொருந்தவில்லை. வியட்நாம் போரின்போது கட்டாய ராணுவச் சேவையை மறுத்து அங்கே போனவர்களில் பலர் 1967இல் வந்த புள்ளி முறையில்தான் குடியேறினார்கள். 100க்கு 50 எடுக்க வேண்டியிருந்தது. படிப்புக்கு 20 வரை. வேலை உறுதியானால் 10. ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்து 10. 35 வயதைத் தாண்டாதிருந்தால் 10. கல்லூரி மாணவனுக்கு இது எளிது. பள்ளிப் படிப்போடு பட்டாளத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஓடி வந்த ஏழைப் பையனுக்குப் படிப்பிலேயே புள்ளி குறைந்தது. ராணுவத்தை விட்டு ஓடியவன் என்று அதிகாரிகள் திருப்பியும் அனுப்பினார்கள். ராணுவ நிலையைப் பார்க்கக் கூடாது என்று கனடா அரசு 1969 மே மாதம்தான் அறிவித்தது.

வரும் வாரங்களில் அப்படி ஒரு பையனையும் கதைக்குள் கொண்டுவருமாறு கதாசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.