மேட்டில் கிடைத்த ஓடும் மேட்டின் வயதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழடி அகழாய்வுக்குப் பிறகு, மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ‘கோட்டைமேடு’ என்று பெயர் வழங்கும் இடத்தில் நாலு கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் தட்டுப்பட்டாலே, அதைப் பாண்டியர் கோட்டை என்று எழுதிவிடுகிறோம். இந்த ஆர்வம் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த முடிவுக்கு ஓடு மட்டும் போதாது.

மண்கோட்டை எழுப்பியவர்கள் பக்கத்தில் கிடைத்த மண்ணைத்தான் வெட்டிக் கொட்டினார்கள். அது பழைய நத்தத்து மண்ணாக இருந்தால், ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓடும் அதோடு சேர்ந்து கரைக்குள் போயிருக்கும். எனவே அந்த ஓட்டின் காலத்துக்குப் பிறகு கரை எழுந்தது என்று சொல்லலாமே தவிர, எத்தனை நூற்றாண்டு பிறகு என்று சொல்ல முடியாது. கரையின் உயரமும் சான்றாகாது. 1799-இல் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801-இல் ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களிலேயே மண்ணால் மீண்டும் எழுப்பி, ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்றார்கள்.

அந்த மேடு கோட்டைதானா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். கண்மாய்க்கரை பிறைபோல வளைந்து, நீர் வரும் பக்கம் திறந்து கிடக்கும். அதற்கு மண் எடுத்த பள்ளம் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பக்கத்தில், இருக்கும். கோட்டைக்கரை சுற்றி வந்து கூடும்; பள்ளம் வெளிப்புறத்தில் அகழியாக நிற்கும். பாதிக்கரை வயலாகிவிட்ட இடத்தில் இந்த வேறுபாடு, மட்டம் பார்த்து வரைபடம் போட்டால்தான் புலப்படும்.

திருமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர் மேட்டின் ஒரு மூலையைச் சென்ற கோடையில் சவுடு மண்ணுக்காக வெட்டினார்கள். வெட்டிய முகத்தில் ஓடு கலந்த சாம்பல் நிற மண் எட்டடிக்கு இருந்தது. அதன் அடியில், கரை எழும்புவதற்கு முன்பிருந்த தரை கையகலக் கறுப்புக் கோடாக ஓடியது. அதில் கருகிய உமியும் கரித்துண்டுகளும் கிடந்தன. அந்தக் கரியின் காலத்தையும் அகழியின் அடி வண்டலின் காலத்தையும் கணித்தால், இரண்டுக்கும் நடுவே கரையின் வயது அகப்படும். அடுத்த வாரம் நான் போனபோது அந்தக் கோடு லாரியில் போய்விட்டிருந்தது.

மதுரைக் கோட்டையை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்தார். ஆயினும் அதன் வடிவை வெளிவீதிகளில் இன்றும் நடந்து பார்க்கலாம். ஊர்ப்புறத்து மண்கரை அப்படித் தடம் விட்டுப் போவதில்லை.

6 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட முற்காலப் பாண்டியரின் மண்கோட்டை ஒன்றாவது இந்த மேடுகளுக்குள் இருக்கும் என்றே நானும் நம்புகிறேன். ஆகவே, கோட்டை என்று பெயர் வழங்கும் எந்த மேட்டிலும் மண் அள்ள அனுமதி கொடுக்கும் முன், கரையையும் அகழியையும் சேர்த்து ஒரு குறுக்கு வெட்டாவது போட்டுப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் அகழாய்வு நடத்திய மாநிலத் தொல்லியல் துறை, மதுரைப் பக்கத்து மேடு ஒன்றையும் எடுத்துக்கொள்ளும்படி உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.