கியூவுக்குப் பின்னால் யூ வராத சொற்கள்

கோத்தகிரி

அன்பு மகள் மலர்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. பேரன் பள்ளியில், எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பதாகவும், கியூ எழுத்து வந்தும் அதன் பின்னால் யூ வராத குறுஞ்சொற்களின் பட்டியலை அவன் மனப்பாடம் செய்துகொண்டிருப்பதாகவும், ஞாயிறுதோறும் தொலைபேசியில் நான் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். மகிழ்ச்சியோடு செய்கிறேன். ஆனால் எழுத்து வரிசை மட்டும் தெரிந்தால் போதும், பொருள் தேவையில்லை என்று நீ எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாயிற்று.

உன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே, அந்த மொழியின் அகராதிச் சொற்களை மனத்தில் ஏற்றிக்கொண்டு 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அப்படிப்பட்ட நினைவாற்றல் அரிதிலும் அரிது. சின்னப் பிள்ளைக்கு வெறும் எழுத்துக் கோவை இன்று நிற்கும், அடுத்த வாரம் கலைந்துவிடும். சொல் எங்கிருந்து வந்தது, எதைக் குறிக்கிறது என்று தெரிந்தால், எழுத்துகள் ஏன் அந்த வரிசையில் நிற்கின்றன என்பதும் சேர்ந்தே விளங்கும்.

இந்த விளையாட்டை உருவாக்கிய ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே வில்லைகளைப் பங்கிட்டார். நூறு வில்லைகளில் இ பன்னிரண்டு, யூ நான்கு, கியூ ஒன்றே ஒன்று. அதற்கு மதிப்பு பத்துப் புள்ளி. யூ நான்கும் பலகைக்குப் போன பிறகு கியூ ஒருவர் கையில் தங்கினால், ஆட்டம் முடியும்போது அந்தப் பத்தும் அவருடைய கணக்கிலிருந்தே கழிக்கப்படும். உன் மகன் இந்தச் சொற்களைத் தேடுவதன் காரணம் இதுதான்.

ஆனால் ஆங்கிலத்தில் கியூவோடு யூ ஏன் ஒட்டிக்கொண்டது என்பதை அவனுக்கு யாராவது சொன்னார்களா? பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் க்வீன் என்ற சொல்லை சி, டபிள்யூ, இ, என் என்றுதான் எழுதினார்கள். 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சு வழக்கத்தில் பழகிய எழுத்தர்கள் அதை மாற்றி, கியூவையும் யூவையும் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். ஆகவே யூ இல்லாத கியூவைக் கண்டால், அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வராமல் வேறு திசையிலிருந்து வந்திருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

அவன் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் அரபு வழி வந்தவை. அரபியில் அடிநாக்கில் பிறக்கும் ஒரு ககர ஒலி உண்டு. அதை வழக்கமான ககரத்திலிருந்து பிரித்துக் காட்டவே ஆங்கிலத்தில் கியூவை எடுத்துக்கொண்டார்கள். கியூ, ஏ, டி, ஐ என்ற நான்கெழுத்துச் சொல்லை அவன் புதிதாகக் கற்கவே வேண்டாம். பிறை தெரிந்ததும் ரம்ஜான் பெருநாளை அறிவிக்கும் தலைமை காஜியைப் பற்றி ஆண்டுதோறும் செய்தியில் கேட்கிறோமே, அந்தக் காஜிதான் அது. நீதி வழங்குபவர் என்று பொருள். எஸ், யூ, கியூ என்பது சூக், அரபு நாட்டுக் கடைத்தெரு. இதில் யூ இருக்கிறது, ஆனால் கியூவுக்கு முன்னால் இருக்கிறது. பிள்ளைகள் தடுமாறும் இடம் இது, நன்றாகப் பதியவை. கியூ, ஏ, டி என்பது ஏமனில் மதிய உணவுக்குப் பின் கூடி அமர்ந்து மெல்லும், லேசான போதை தரும் காட் இலை. நீ இருக்கும் பிரிட்டனில் 2014 முதல் அதற்குத் தடை.

மிகவும் பயன்படும் கியூ, ஐ என்ற ஈரெழுத்துச் சொல் மட்டும் சீனத்திலிருந்து வந்தது. உயிர்மூச்சு, உடலில் ஓடும் ஆற்றல் என்று அதற்குப் பொருள். சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுதச் சீன அரசு 1958இல் ஏற்ற முறையில் கியூ என்பது சகரத்தை ஒத்த ஒலிக்குக் கொடுக்கப்பட்டது. அதனால் அதை 'ச்சீ' என்று ஒலிக்க வேண்டும். 'கீ' என்றோ 'க்வி' என்றோ அவன் சொன்னால் திருத்து.

நம் மொழியில் இப்படி நடப்பதில்லை. வடசொல்லைத் தமிழில் எடுத்துக்கொள்ளும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும் என்று தொல்காப்பியம் விதி செய்தது. அதே வழக்கில்தான் அரபுச் சொல்லான ஃபகீரும் நம்மிடம் பக்கிரி ஆனார். ஆங்கிலமோ பல சொற்களை வந்த கோலத்திலேயே விட்டுவைக்கிறது. எது மேல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒழுங்கில்லாதது என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வதைப் பள்ளியில் பல்லாண்டு கேட்டவள் நான். காரணத்தைச் சொன்னபோது அந்தச் சலிப்பு குறைந்ததையும் பார்த்திருக்கிறேன்.

உயிரெழுத்தே இல்லாதது போலத் தோன்றும் சி, டபிள்யூ, எம் என்ற சொல்லும் அவனுக்கு உதவும். 'கூம்' என்று ஒலிக்கும் வேல்சுச் சொல் இது. அந்த மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் வரும். பள்ளத்தாக்கு என்பது பொருள் என்றாலும், ஆங்கிலத்தில் பனியாறு குடைந்து மூன்று பக்கமும் செங்குத்தாக நிற்கும் மலைக்குழியையே குறிப்பாகச் சொல்வார்கள். கேத்திப் பள்ளத்தாக்கை நினைத்து அவன் குழம்ப வேண்டாம்; இங்கே பனியாறு ஏது? விடுமுறையில் வட வேல்சில் உள்ள கூம் இட்வாலுக்கு அவனை அழைத்துப் போ. நேரில் பார்த்த சொல்லை எந்தப் பிள்ளையும் மறக்காது.

நம் மலையிலிருந்தும் அவனுக்கு இரண்டு சொற்கள் தருகிறேன். இரண்டும் நான்கெழுத்து, இரண்டிலும் ஏ இரண்டாவதாகவும் ஆர் கடைசியாகவும் வரும். டி, ஏ, ஹெச், ஆர் என்பது முக்குறுத்தியில் நாம் பார்த்த வரையாடு. இமயமலை ஆட்டுக்கு அங்கே வழங்கிய பெயரை நம் ஆட்டுக்கும் வைத்துவிட்டார்கள். ஜி, ஏ, யூ, ஆர் என்பது காட்டெருமை. இங்கே எல்லோரும் பைசன் என்கிறோம். பைசன் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் வேறு விலங்கு. நேற்றுக் காலை கீழ்த் தோட்டத்தில் ஒன்று தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றது. உடம்பெல்லாம் கருப்பு, முழங்காலுக்குக் கீழே காலுறை மாட்டியது போல வெள்ளை. கொழுந்து பறிக்க வந்தவர்கள் அது நகரும்வரை மேல் பாதையிலேயே காத்திருந்தார்கள். அவனிடம் இதைச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது முதலில் பொருளைச் சொல்லி, சொல் எதுவென்று கேட்பேன். அவன் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் விளக்கிய கியூ சொற்கள் எல்லாமே எஸ் சேர்த்துப் பன்மையாகும் என்பதையும் அவனிடம் சொல்லி வை. எஸ் வில்லைகள் நான்குதான், தேவையான இடம் பார்த்துப் போடச் சொல். குளிருக்குக் கம்பளிச் சட்டை தனியே அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா