சனிக்கிழமைத் திண்ணைக்கு என் நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கு, வணக்கம்.

இந்த ஆடிப்பெருக்கோடு நான் கறுப்புக் கோட்டு போட்டு 25 வருடம் ஆகிறது. வரிச் சட்டம் படித்துவிட்டுக் கும்பகோணத்தில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய், சென்னைக்குப் போ என்று அன்று சொல்லாதவர்கள் இல்லை. இங்கேயே காலூன்றி, சனிக்கிழமைதோறும் கூட்டுறவுச் சங்கத் திண்ணையில் உட்கார்ந்து உங்கள் வரி நோட்டீஸ்களைப் பார்க்க முடிந்தது உங்களால்தான்.

முதலில் சர்வேயர் ஐயாவுக்கு. மகள் கல்யாணத்துக்காக மூன்று மா நிலத்தை விற்ற விவசாயி ஒருவருக்கு, ஏன் வரி கட்டவில்லை என்று நோட்டீஸ் வந்தது. விளைச்சலில் வரும் வருமானத்துக்கு வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நிலத்தையே விற்றால் கணக்கு வேறு. பக்கத்து நகராட்சியின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டி, பத்து லட்சத்துக்குள் இருந்தால், அதன் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விளைநிலத்துக்குத்தான் விலக்கு. அதுவும் ரோட்டு வழித் தூரம் செல்லாது, நேர்கோட்டில் அளக்க வேண்டும். அரசலாற்றைச் சுற்றிப் போகும் ரோட்டில் 9 கிலோமீட்டர் வரும். நேராக எவ்வளவு? எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் இருந்த ஐயா, கிராம வரைபடங்களைத் திண்ணையில் விரித்தார். காற்றில் பறக்காமல் ஒரு மூலையில் சொம்பு, இன்னொரு மூலையில் வெற்றிலைப் பெட்டி. ஸ்கேலை வைத்து மூன்று முறை அளந்தார். 6 கிலோமீட்டர் 400 மீட்டர். குறுவையும் சம்பாவும் சாகுபடி ஆனதைக் காட்டும் அடங்கல் (கிராமச் சாகுபடிப் பதிவேடு) நகலை விஏஓ மறுநாளே எடுத்துக் கொடுத்தார். கேஸ் முடிந்தது. அந்த 400 மீட்டரை நான் இன்னும் மறக்கவில்லை ஐயா.

அப்புறம், மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் பாக்கெட் போடும் மகளிர் குழு அக்காமாருக்கு. 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி 25 கிலோ வரை கட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. "நாங்க கட்டுற ஒரு கிலோவுக்குமா?" என்று கேட்டீர்கள். வருட விற்பனை 40 லட்சத்துக்குள், அதுவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். நீங்கள் விடவில்லை. அவிக்க, காயவைக்க, குத்த, புடைக்க ஆகும் செலவை வரிசையாகச் சொன்னீர்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் மனு எழுதினோம். வரி மாறவில்லை. ஆனால் வரிக் கொள்கை என்பது யார் வீட்டு முறத்தில் வந்து விழுகிறது என்று எனக்குக் காட்டியது நீங்கள். இன்றும் எந்த மனு எழுதினாலும் அந்த நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

கட்டணம் வாங்காமல் தொழில் கற்றுக்கொடுத்த என் சீனியருக்கும், பதினோரு வருடமாகத் திண்ணையை விட்டுக்கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும், சனிக்கிழமை சமையலை ஏற்றுக்கொண்ட என் மாமியாருக்கும் நன்றி.

வரும் சனிக்கிழமையும் காலை பத்து மணிக்குத் திண்ணையில் இருப்பேன். நோட்டீஸ் வந்திருந்தால் வங்கிப் புத்தகத்தையும் அடங்கல் நகலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வக்கீலம்மா