நோட்டு எழுதித் தந்தவருக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்கள் வேதபாடம் நின்றுபோகும் நிலை வந்தபோது நடந்ததை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை; உங்களுக்குத் தெரியும். வேதபாடம் நின்றுபோகாமல் இருப்பதற்கு நீங்கள்தான் காரணம்.

இரவு பகல் பாராமல் ஜெபித்தவர்கள், கூடிவர வீட்டைத் திறந்துவிட்டவர்கள், பெரிய எழுத்து வேதாகமங்களைத் தந்தவர்கள், பார்வை மங்கிய பெரியவர்களுக்காக அதிகாரம் அதிகாரமாக வாசித்துப் போனில் பதிவு செய்து அனுப்பியவர்கள், சொல்லி அனுப்பியதும் வந்து நின்ற மூப்பர்கள் (சபையை நடத்தும் பெரியவர்கள்)... இத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொன்னால் போதாதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கோடு போட்ட சாதாரண நோட்டு. யாரும் கேட்காமலே வந்தது. தந்தவர் தன் பெயரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபு நிருபத்தின் (கடிதத்தின்) 5 அதிகாரமும், 108 வசனமும் கையாலேயே எழுதியிருக்கிறது. கையில் அச்சு வேதாகமம் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். சிங்காசனத்தில் உட்காரும் ராஜா நியாயப்பிரமாணத்தை (தேவன் தந்த சட்டத்தை) பார்த்துத் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொள்ள வேண்டும் என்பது உபாகமம் 17:18. வாசிக்கும்போது பழகிய வசனத்தைக் கண் தாண்டிப் போய்விடும். எழுதும்போது அப்படி எளிதில் முடியாது.

எளிதில் என்றுதான் சொல்கிறோம். 5-ஆம் அதிகாரத்தில் 13-ஆம் வசனமும் 14-ஆம் வசனமும் "உங்களில் ஒருவன்" என்றே தொடங்குகின்றன. எழுதியவரின் கண் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவி, 13 விடுபட்டிருக்கிறது. பிறகு அது ஓரத்தில் பொடி எழுத்தில் மேலிருந்து கீழாக ஏறியிருக்கிறது. பழைய பிரதிகளிலும் வரிகள் விடுபட்டது பெரும்பாலும் இந்த வகையில்தான். எழுதி முடித்ததும் ஒருவர் அச்சுப் பிரதியைப் பார்த்து உரக்க வாசிக்க, இன்னொருவர் நோட்டில் விரல் வைத்துக்கொண்டே வந்தால் பிடிபட்டுவிடும்.

இடது பக்கம் வசனம். வலது பக்கம் மூன்று கட்டம்: என்ன கட்டளை, யாருக்கு, நான் எப்போது செய்யப்போகிறேன். பக்கத்துக்கு 8 வசனம் என்று எண்ணிப் பிரிக்காமல், கருத்து முடியும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார். எண்ணிப் பிரித்திருந்தால் 2:1-13 (2-ஆம் அதிகாரம், 1 முதல் 13 வரை) நடுவில் வெட்டுப்பட்டு, பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடமும் ஏழைக்குத் தாழ்ந்த இடமும் காட்டும் பகுதி ஒரு பக்கத்திலும், அது ஏன் பாவம் என்ற விளக்கத்தின் பெரும்பகுதி மறுபக்கத்திலும் போயிருக்கும்.

இந்த நிருபத்தில் ஐம்பதுக்கு மேல் கட்டளைகள் இருக்கின்றன. "செய்யுங்கள்" என்று முடியும் வாக்கியங்களை மட்டும் பொறுக்கினால் 4:17 கைநழுவிப்போகும். நன்மை செய்யத் தெரிந்தும் செய்யாமற்போனால் பாவம் என்கிறது அது. வாக்கியத்தில் ஏவல் இல்லை, ஆனால் ஏவாமலும் விடவில்லை.

இரண்டாம் கட்டத்தை அநேகர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். 5:14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூப்பர்களை வரவழைக்கும்படி வியாதிப்பட்டவருக்குத்தான் அங்கே சொல்லியிருக்கிறது. வந்து ஜெபிப்பது மூப்பர்களின் பங்கு. "யாருக்கு" என்று எழுதாவிட்டால் முதல் பாதி மறைந்து, யாரும் எட்டிப்பார்க்கவில்லை என்ற மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

பெரும்பாலும் பழுதாவது மூன்றாம் கட்டம். "அன்பாயிருக்க வேண்டும்", "பொறுமை தேவை" என்று நிரப்பினால் அது கட்டளையின் எதிரொலி, கீழ்ப்படிதல் அல்ல. ஒரு ஆள், ஒரு நாள், ஒரு செயல் என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். 2:3-க்கு நேரே நோட்டுக்காரர் பென்சிலில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடைசி வரிசையில் தனியாக இருப்பவரிடம் போய்ப் பேசு." பக்கத்தில் தேதி போட இடம். 1:19-க்கு, பதில் சொல்லுமுன் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காதே என்று, யாரிடம் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறார். வாரத்துக்கு ஒன்று போதும். ஒரே வாரத்தில் ஆறேழு எழுதினால் ஒன்றுகூட நடக்காது.

ஒரு எச்சரிக்கையும் முன்பக்கத்திலேயே இருக்கிறது: மூன்றாம் கட்டத்தை ஒருவர் மற்றவருக்குக் காட்ட வேண்டாம். காட்டினால் அது மதிப்பெண் பட்டியலாகிவிடும், பிறகு எழுதுவதே மற்றவர் பார்ப்பதற்காகத்தான் என்றாகும். வெறுமையாக நின்ற கட்டத்துக்கு என்ன செய்வது? 4:6 என்று மட்டும் குறித்துவைக்கச் சொல்கிறார். தாழ்மையுள்ளவர்களுக்குக் கிருபை என்கிற வசனம். அதற்கு மேல் ஒரு விளக்கமும் எழுதவில்லை. எங்களுக்கும் வேண்டியிருக்கவில்லை.

எஸ்றா 7:10-ல் வேதத்தை ஆராய்வது, அதன்படி செய்வது, அதை உபதேசிப்பது என்றுதான் வரிசை. நம் வேதபாடங்களில் நடுவில் இருப்பதைத் தாண்டி முதலிலிருந்து மூன்றாவதற்குப் போவது சுலபம். பேசத் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம். ஆகையால் கர்த்தருக்கு முன்பாக ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். இனி ஒவ்வொரு கூடுகையிலும் புதிய பகுதியைத் திறக்குமுன் முதல் பத்து நிமிடம் போன வாரத்துக் கட்டளைக்கு. நடத்துகிறவர் முதலில் சொல்வார். "செய்தேன்" அல்லது "செய்யவில்லை", அவ்வளவுதான். காரணம் கேட்கப்போவதில்லை.

யாக்கோபு முடிந்ததும் 1 பேதுரு, 105 வசனம். இதை எங்கள் கையாலேயே எழுதி, எங்களுக்கு வந்தது போலவே பெயர் போடாமல் வேறொரு குழுவுக்குக் கொடுக்கப்போகிறோம். சரிபார்க்க உரக்க வாசிக்கிறவர்கள் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். நோட்டு வேண்டிய குழுக்கள் இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
வேதபாடக் குழுவினர்