செயின்ட் டோனட்ஸ் கோட்டைக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு விமான டிக்கெட்

அன்புடையீர், வணக்கம்.

வேல்ஸின் தென்கரையில், கடலைப் பார்த்து நிற்கும் செயின்ட் டோனட்ஸ் கோட்டையில் பதினாறு வயதில் படிக்கப் போனவர்கள் நாங்கள். அங்குள்ள அட்லாண்டிக் கல்லூரியின் பழைய மாணவர்களில் தமிழ் பேசும் சிலர் சேர்ந்து, அங்கே படிக்கப் போகும் வசதியில்லாத பிள்ளைகளின் பயணச் செலவுக்காக இந்த வேண்டுகோளை வைக்கிறோம்.

ஸ்ட்ராட்லிங் குடும்பம் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட கோட்டை அது. 1925இல் அமெரிக்கப் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட் அதை வாங்கினார். வில்ட்ஷயரில் இருந்த பிராடன்ஸ்டோக் மடத்தின் கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மண்டபம் எழுப்பினார். இவ்வளவும் செய்தவர் அங்கே தங்கியது சொற்ப நாள்தான். 1960இல் அந்தோனின் பெஸ்ஸே கோட்டையை விலைக்கு வாங்கி இந்தக் கல்லூரிக்கென்றே கொடுத்தார். திருபாய் அம்பானி இளவயதில் ஏடனில் வேலை பார்த்தாரே, அந்த பெஸ்ஸே கம்பெனிக் குடும்பம்தான். 1962இல் வகுப்புகள் தொடங்கின. கோட்டைக்குக் கீழே கடற்கரையில் மாணவர்களும் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோரும் செய்து பார்த்த, காற்றடைத்த ரப்பர் விளிம்புப் படகுதான் இன்று உலகமெங்கும் கடலில் உயிர் காக்கிறது. அதன் உரிமையை பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஒரே ஒரு பவுண்டு பணத்துக்குத் தந்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்கு நெஞ்சு நிறைகிறது.

எங்களில் ஒருத்தி அங்கே போய் இறங்கியபோது காலில் ரப்பர் செருப்பு, பெட்டியில் அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி. கடற்காற்று காதை அறுத்தது. மேல்வகுப்பு அக்கா ஒருத்தி ஒன்றும் கேட்காமல் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி இவள் தோளில் போட்டாள். கை முழுவதும் உள்ளே மறைந்துபோகிற பெரிய கோட்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க அதுதான் இவளுக்கு.

வசதியைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து உதவித்தொகை தருவது இந்தக் கல்லூரியின் வழக்கம். ஆனால் படிப்புச் செலவுக்கு வழி பிறந்த பிறகும் விமான டிக்கெட், விசா, பூட்ஸ், குளிர் உடை என்று வந்து நிற்கும். கூலி வேலை செய்யும் வீட்டில் இதற்கு எங்கே போவார்கள்? இந்தச் செலவுக்காக ஒரு பிள்ளைகூட நின்றுவிடக் கூடாது.

ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். ஜூன் முடிவதற்குள் பணம் கையில் இருந்தால்தான் டிக்கெட் போட முடியும். நூறு ரூபாயானாலும் அனுப்புங்கள், ரசீது தருவோம். டிக்கெட்டின் நகலும் செலவுக் கணக்கும் கொடுத்த எல்லோருக்கும் வரும். வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல கம்பளிக் கோட்டு இருந்தால் அதையும் துவைத்து, உலர்த்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நன்கொடைக் குழுவினர்