மூட்டுவாதத்தை முதல் மாதங்களிலேயே கண்டறிய வழி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
மூட்டு நோயோடு வாழ்பவர்கள் சார்பில், ஆசிரியை ஒருவர்,
வடமராட்சி.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
யாழ்ப்பாணம்.

பொருள்: கிராமக் கிளினிக்குகளில் மூட்டுவாதத்தை நேரத்தோடு கண்டறிதல், இயன்மருத்துவ (பிசியோதெரபி) வசதி, மக்களுக்கான விழிப்புணர்வு

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 41 வயதிருக்கும்போது, ஒருநாள் காலை இடியப்ப உரலை இரண்டு கையாலும் அமத்தியும் மா இறங்கவில்லை. மா பதம் பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு விரல் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போனது. விடிய எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கை பொத்த முடியாது. பத்து மணியானால் ஓரளவு சரியாகிவிடும். அப்படிச் சரியாகிவிடுவதால்தான் வீட்டில் ஒருவரும் அதை நோயென்று எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

காட்டிய இடத்தில், வேலை கூடிப்போச்சு, வயதும் போகிறது என்று சொல்லி நோக்குளிசை தந்தார்கள். அது முடிந்ததும் பாமசியில் நானே வாங்கிப் போட்டேன். இரண்டு வருடம் இப்படியே போனது. வயிறு புண்ணாகி வேறொரு வைத்தியரிடம் போனபோதுதான், அவர் என் கையைப் பிடித்துப் பார்த்து இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ருமற்றொயிட் மூட்டுவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய். எக்ஸ்ரேயில் எலும்பு ஏற்கெனவே அரித்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் கோணிவிட்டன, அவை இனி நிமிராது.

இதை இரக்கம் தேட எழுதவில்லை. இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. தொடங்கிய முதல் மாதங்களுக்குள் சிகிச்சை ஆரம்பித்தால் மூட்டு அழிவதைப் பெருமளவு தடுக்கலாம். எனக்குக் குறைந்தது மருந்தல்ல, காலம். ஆண்களை விடப் பெண்களுக்கே இது இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. எங்கள் பெண்களோ சமையல், பிள்ளைகள், தோட்டம் எல்லாம் முடிந்த பிறகுதான் தங்கள் கையைப் பார்ப்பார்கள்.

ஆகவே தங்களிடம் முதலில் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்று. சீனி, பிரஷர் பார்க்க வருபவர்களிடமும், குடும்ப சுகாதார உத்தியோகத்தர்கள் வீடுகளில் சந்திக்கும் தாய்மாரிடமும் ஒரு கேள்வி கேட்கச் செய்யுங்கள்: “காலையில் எழும்பினதும் கைகால் விறைப்பு விட எவ்வளவு நேரம் எடுக்குது?” அரை மணித்தியாலத்துக்கு மேல் என்று சொல்லி, மூட்டு வீக்கமும் சில கிழமைகளாக இருந்தால், நோக்குளிசையோடு வீட்டுக்கு அனுப்பாமல் விசேட வைத்திய நிபுணரிடம் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும். போதனா வைத்தியசாலை தங்கள் நிர்வாகத்தில் இல்லை, மத்திய அமைச்சின் கீழ் உள்ளது என்பது தெரியும். ஆனாலும் அங்கே போய்ச் சேரும் பாதை தங்கள் கிளினிக்குகளில்தான் தொடங்குகிறது.

மருந்து தொடங்கியவர்களுக்கும் விளக்கம் போதாது. இந்த நோய்க்குத் தரும் மெதோட்ரெக்சேட் என்ற குளிசை கிழமைக்கு ஒருநாள் மட்டும் போடுவது. மற்றக் குளிசைகளைப் போல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. இடைக்கிடை இரத்தமும் ஈரலும் பரிசோதிக்க வேண்டும். கர்ப்பமாகும் எண்ணம் உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். மருந்துப் பையில் போடும் நாளைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தாலே பாதி ஆபத்து நீங்கும்.

சித்த வைத்தியர்களையும் இதில் சேர்க்கும்படி கேட்கிறேன். எங்கள் ஊரில் மூட்டு நோ என்றால் பலர் முதலில் போவது அவர்களிடம்தான். எண்ணெயும் நொச்சி ஒத்தணமும் எனக்கே இதமாக இருக்கின்றன, அதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீங்கிய மூட்டைக் கண்டால் உடனே பரிசோதனைக்கு அனுப்புவதும், ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தச் சொல்லாமல் இருப்பதும் அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

அப்புறம் முழங்கால். இது வேறு வகை, தேய்மானத்தால் வருவது. வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து களை பிடுங்கிய எங்கள் அம்மாமாருக்கு இது வீட்டுக்கு வீடு இருக்கிறது. நோகுது என்றதும் “நடக்காதேங்கோ, இருங்கோ” என்கிறோம். அன்பில் சொல்வதுதான், ஆனால் பிழையான புத்திமதி. இருந்தே பழகினால் தொடைத் தசை மெலிந்து, முழு உடம்பும் மூட்டில் இறங்கும். கதிரையில் இருந்து காலை நேரே நீட்டி, ஐந்து வரை எண்ணி இறக்குவது போன்ற எளிய பயிற்சியே தசையைப் பலப்படுத்தும். எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. இதைச் சொல்லிக் கொடுக்க இயன்மருத்துவர் வேண்டும். பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் இதற்கென்று கிழமையில் ஒருநாளாவது ஒதுக்குங்கள். நெடுந்தீவுக்கு மாதம் ஒருதரமாவது ஒருவரை அனுப்புங்கள். வீங்கிய முழங்காலோடு படகில் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒரு முதியவரை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. 16 வயதுக்கு முன்பும் மூட்டுவாதம் வரும். காலையில் நொண்டும் பிள்ளையைப் பாடசாலைக்குக் கள்ளம் என்று அடிக்கும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் இதையும் பார்க்க வேண்டும்.

ஒக்டோபர் 12 உலக மூட்டுவாத தினம், 1996 முதல் நினைவுகூரப்படுகிறது. இந்த வருடம் அந்த நாளில் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் ஒரு கூட்டம் வையுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் சுகாதாரப் பகுதியினர் நிற்கும் இடத்தில் இதற்கும் ஒரு மேசை கிடைத்தால், அங்கே வந்து பேச நாங்கள் ஆயத்தம். காலையில் வெந்நீரில் கை வைப்பது, கேத்தலை இரண்டு கையால் தூக்குவது, பேனையில் துணி சுற்றிப் பிடியைத் தடிப்பாக்குவது எல்லாம் நாங்கள் பழகிக்கொண்டவை. கோணிய விரலோடும் நான் இன்றும் கரும்பலகையில் எழுதுகிறேன்.

இதுபற்றி நேரில் பேச ஒரு நாளும் நேரமும் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இங்ஙனம்,
(கையொப்பம்)