கிடங்கு தப்பியது: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். டர்பனில் நம் வளாகத்தின் மாணவர் குழு பழைய தாளும் அட்டையும் குப்பியும் சேர்த்து வைக்கும் மறுசுழற்சிக் கிடங்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் காலியாக வேண்டும் என்ற கெடு முடிய இருபது நிமிடம் இருக்கும்போது கடைசி மூட்டை வண்டியில் ஏறியது. கிடங்கு தொடர்ந்து நம்மிடமே இருக்கலாம் என்ற கடிதம் நேற்றுக் காலை கைக்கு வந்தது. மழை என்ன செய்தது, கெடு ஏன் வந்தது, கூட்டத்தில் யார் என்ன பேசினார் என்பதெல்லாம் இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரிந்தவையே. அவற்றை மறுபடியும் கிளறி யாரையும் நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. நைலான் கயிறு அறுத்த உள்ளங்கை ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து மூன்று நாளும் பெரிய தேக்சாவில் சோறும் பருப்பும் சமைத்துக் கொண்டுவந்து, நாற்பது பேருக்கு முகம் சுளிக்காமல் பரிமாறிய கோயில் ஆன்ட்டிமாருக்கும், தங்கள் பக்கி வண்டிகளைப் பெட்ரோலோடு கொடுத்து ஓட்டவும் வந்த, இன்னொரு புறநகரான ஃபீனிக்ஸின் அண்ணன்மார் இருவருக்கும் (இங்கே சிறு பாரவண்டிக்குப் பக்கி என்றே பெயர், தமிழ்நாட்டு உறவினரிடம் சொன்னால் ஏன் திட்டுகிறாய் என்று கேட்பார்கள்), பெட்டி பெட்டியாகக் கையுறை தந்த வேதியியல் ஆய்வகப் பணியாளர்களுக்கும், நனையாத தாள்களை வைக்கத் தங்கள் மாடிப்படி இடுக்கையும் ஒழித்துக் கொடுத்த நூலகத்தாருக்கும், பெயர் எழுதாமல் உறையில் ரேண்ட் நோட்டுகளை வைத்துவிட்டுப் போனவர்களுக்கும் எங்கள் குழுவின் நெஞ்சார்ந்த நன்றி. ஒவ்வொருவரையும் தனித்தனியே சொல்ல வேண்டும்தான். ஆனால் இந்த மடலின் பெரும்பகுதியை நான் ஒருவருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்; நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

வளாகத்தின் கீழ்வாசல் வழியாகக் கடைத் தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகும் மூதாட்டியை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். முன்சக்கரம் ஒன்று ஆடும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் வருவது தெரியும். ஜுலு மொழியில் பாட்டியைக் கோகோ என்பார்கள். நாங்களும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். சாலையோரத்திலும் தொட்டிகளிலும் அட்டை, தாள், குப்பி பொறுக்கி, எடைக்குப் போட்டுப் பிழைப்பவர். இந்தக் கிடங்கு தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த இரண்டு ஆண்டுகளில் அவரிடம் நான் பேசிய சொற்கள் எல்லாம் சேர்ந்து பத்தைத் தாண்டாது.

புதன்கிழமை மதியம் பழைய பொருள் வாங்கும் நிலையம் எங்கள் வெள்ளைத் தாள் மூட்டைகளைக் கலப்படம் என்று திருப்பி அனுப்பியது. கெடுவுக்கு இரண்டு நாள். விற்க முடியாத மூட்டைகளோ கீழ்வாசலில் மலை போல. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டோம். அப்போது அந்தச் சக்கரச் சத்தம் கேட்டது. கோகோ வண்டியை நிறுத்தினார். காவலரிடம் ஏதோ கேட்டார். பிறகு யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். வெளியே வந்தது ஒரு காப்பிக் கோப்பை, தாளால் ஆனது.

அந்தக் கோப்பையை அவர் நடு நெடுக்காகக் கிழித்தார். உட்புறத்தைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். வெங்காயத்தின் உள்தோல் போல, கண்ணாடிக்கு நிகரான ஒரு சவ்வு உரிந்து வந்தது. அதை எங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டு, ஜுலுவில் நீளமாக ஒன்று சொன்னார். என்னுடைய ஜுலு கடையில் சில்லறை வாங்கும் அளவுக்கே போதும் என்பதால், காவலர்தான் சொன்னார்: “இது தாள் இல்லையாம், தாள் உடுத்திய பிளாஸ்டிக்காம். நூறு நல்ல தாளோடு இது ஒன்று இருந்தாலும் அவன் திருப்பி அனுப்புவானாம்.” எங்கள் சிற்றுண்டிச்சாலைக் கோப்பைகள் அத்தனையையும் தாள் என்று நம்பி, அலம்பிக் காயவைத்து, வெள்ளைத் தாளோடு நாங்களே சேர்த்துக் கட்டியிருந்தோம்.

அன்று இருட்டும்வரை அவர் போகவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு, எங்களுக்கு முன்பாகவே, ஒரு சிறு கத்தியோடும் கவிழ்த்த பால்கூடை ஒன்றோடும் வந்து உட்கார்ந்திருந்தார். அலுவலக வெள்ளைத் தாளுக்கு இத்தொழிலில் எச்.எல்.1 என்று பெயர். நெளியட்டைப் பெட்டிக்குக் கே4. இரண்டையும் ஆங்கில எழுத்துகளோடு அவர் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பை நினைத்து இப்போது கூச்சமாக இருக்கிறது. பளபளக்கும் தாளின் ஓரத்தைக் கிழித்துப் பார்ப்பார். நார் நாராகக் கிழிந்தால் ஒரு பக்கம், சவ்வு இழுத்துக்கொண்டு நீண்டால் மறுபக்கம். ஈர அட்டையைக் கையில் எடுத்தவுடனே ஓரமாக எறிவார். மதியம் ஒரு வாளியில் தண்ணீர் கேட்டார். தாகத்துக்கு என்று நினைத்து நான் குவளையும் எடுத்துப் போனேன். அவர் ஒரு குப்பியின் மூடியைத் திருகி, கழுத்து வளையத்தையும் அறுத்து, மூடியையும் வளையத்தையும் குப்பியில் வெட்டிய ஒரு துண்டையும் வாளிக்குள் போட்டார். மூடியும் வளையமும் மிதந்தன. குப்பித் துண்டு அமிழ்ந்தது. இரண்டும் வேறு வேறு சரக்கு, சேர்த்துப் போடாதே என்பது அதன் பொருள். குப்பி செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38 (நீருக்கு 1) என்றும், மூடி செய்யும் பாலிபுரோப்பிலீன் நீரைவிட இலேசானது என்றும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஒரு வாளித் தண்ணீரை வைத்து அதைப் பார்க்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வியாழன் பிற்பகலில், கை வேலையை நிறுத்தாமலே, அவர் கிடங்கின் கம்பிவலைக் கதவைப் பார்த்து ஏதோ சொன்னார். காவலர் உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் வற்புறுத்திய பிறகு சொன்னார்: அந்தப் பூட்டு வரும் முன்பு வாரத்தில் மூன்று நாள் இங்கிருந்தே அவர் வண்டி நிறைந்துவிடுமாம், பூட்டு வந்தபின் பெரிய சாலை வரை போக வேண்டியிருக்கிறதாம். குறையாகச் சொல்லவில்லை. இன்று வெயில் அதிகம் என்பது போலச் சொன்னார்.

அந்தப் பூட்டைக் கேட்டு வாங்கியவன் நான். நிர்வாகத்துக்கு எழுதிய விண்ணப்பத்தில், தென்னாப்பிரிக்காவில் 60,000 முதல் 90,000 பேர் வரை குப்பை பொறுக்கிப் பிழைக்கிறார்கள் என்றும், வீடுகளும் கடைகளும் கழிக்கும் தாளிலும் பொதிபொருளிலும் மறுசுழற்சிக்குப் போவதில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு அவர்கள் கையால்தான் போகிறது என்றும், இந்நாட்டின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டை எடுத்துப் பெருமையோடு எழுதியிருந்தேன். இத்தகையோரை விலக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசு 2020இல் வழிகாட்டி நெறிகள் வெளியிட்டதையும் குறிப்பிட்டிருந்தேன். அதே விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில், “வெளியாட்கள் பொருள்களை எடுத்துச் செல்லாதிருக்க” என்று தொடங்கி, கம்பிவலையும் பூட்டும் கேட்டிருந்தேன். வெளியாள் யார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

என் கொள்ளுத்தாத்தா டர்பன் மாநகராட்சியின் குப்பை வண்டியில் வேலை செய்தவர்; மாநகராட்சி இந்தியத் தொழிலாளருக்கு ஒதுக்கிய மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தவர். 1960களில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தபோது எங்கள் குடும்பமும் பெயர்ந்தது. அந்தக் கதையை வீட்டில் நூறு தடவை கேட்டு வளர்ந்திருக்கிறேன்; கம்பிவலைக்கு அளவு எடுத்த அன்று அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று மூன்று இரவுகளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, வாங்கும் நிலையத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. வார முடிவில் எல்லோரும் சரக்கைப் போட்டுக் காசாக்கும் நாள் அது. காலையிலேயே வந்து இடம் பிடித்திருந்த கோகோ, எங்கள் முதல் பக்கி வந்ததும் தன் வண்டியை ஒதுக்கி, எங்களைத் தன் இடத்தில் விட்டார். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டபோது அவர்களுக்கு அவரே பதில் சொன்னார். மூட்டைகள் அத்தனையும் தேறின. அவர் திரும்பவும் கடைசியில் போய் நின்றார். அவருக்குக் கொடுக்க அன்று எங்களிடம் காசு இல்லை, அவரும் கேட்கவில்லை. மிச்சமிருந்த நைலான் கயிறு வேண்டுமா என்று மட்டும் கேட்டு, அதைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டார்.

எங்கள் குழு சனிக்கிழமை கூடி முடிவு செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிட்டோம் என்று நாங்கள் சொல்ல முடியாதபடி. வளாகத்தில் சேரும் கே4 அட்டை முழுவதும் இனிக் கோகோவுடையது. தாளும் குப்பியும் விற்ற பணத்தில், பிரிக்க அவர் வரும் நாள்களுக்குரிய கூலி முதலில் எடுத்து வைக்கப்படும், மீதிதான் குழுவுக்கு. புதிதாகச் சேரும் மாணவர்களுக்குப் பிரிக்கும் முறையை அவரே கற்றுக்கொடுப்பார், அதற்கும் கூலி உண்டு. பூட்டை ஞாயிறன்று கழற்றிவிட்டோம். மழைக்காகக் கதவு இருக்கும். தாழ்ப்பாள் மட்டும் போடப்படும்.

இந்த மடலைக் கோகோ படிக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை காலை அவர் வரும்போது காவலர் உதவியோடு வாய்விட்டுச் சொல்லப் போகிறேன். என் நாவுக்கு வரும் அளவில் அவர் மொழியிலேயே ஒரு வரி இங்கேயும்: ங்கியாபோங்கா ககூலு, கோகோ. மிக்க நன்றி, பாட்டி.

கடைசியாக ஒன்று. பெரிய தேக்சா ஒன்றும் அதன் மூடியும், நீலநிறப் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டும், ஒரு பிள்ளையின் மழைச்சட்டையும் கிடங்கில் இருக்கின்றன. தேக்சாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். உரியவர்கள் எந்த நேரத்திலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். கதவு திறந்துதான் இருக்கும். 

நன்றியுடன்,
வளாக மறுசுழற்சிக் குழுவின் சார்பில்,
டர்பன்